காணாமல் போன கம்ப்யூட்டர்

மூடியைக் கழற்றியதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. உள்ளே ஒயர்களை, நாற்று முடி கட்டுவது போல, நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகியிருந்தது. அம்மாவோடு நாற்றங்காலில் இறங்கிப் பழகிய என் கைக் கட்டு அது. வேறு மெக்கானிக் யாரும் அப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை. விசிறிக்கு அடியில், இரைச்சல் அடங்குவதற்காக வெட்டி வைத்த சைக்கிள் டியூப் துண்டும் இருந்தது. அதை நான் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் வைத்தேன். தஞ்சாவூரில் என் முதலாளியின் கடையிலிருந்து காணாமல் போன கம்ப்யூட்டர் அது.

முதலாளி என்னைத் திருடன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். கடைச் சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் மனைவி, நான் கிளம்பும்போதெல்லாம் என் பையையே பார்ப்பார். "விடுங்க, போனது போச்சு" என்று முதலாளி பெருந்தன்மையாகச் சொன்னபோது கடையில் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். சேதி எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. கூலி வேலைக்குப் போய் என்னைப் படிக்கவைத்த அம்மா, சோற்றைப் போட்டுவிட்டு, "எடுத்தியாடா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சரி என்றாள். அந்தச் சரியில் நம்பிக்கை இல்லை. இன்றைக்கும் வீட்டுக்குப் புதிதாக எதை வாங்கிப் போனாலும், எங்கே வாங்கியது என்று கேட்காமல் இருக்கமாட்டாள். எனக்கும் அப்போதிலிருந்து யாரையும் நம்ப வரவில்லை.

இப்போது நன்னிலத்தில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். அங்கே அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர் வலங்கைமானைச் சேர்ந்த ஓர் அம்மாள். மகனின் சின்ன வயதுப் படங்கள் உள்ளே இருக்கின்றன, எடுத்துத் தர முடியுமா என்றார். திருட்டுச் சாமானை என் தலையிலேயே கட்டப் பார்க்கிறார்களோ என்று தோன்றியது. யாராவது அனுப்பி வந்திருப்பாரோ என்று தெருவைக்கூட எட்டிப் பார்த்தேன். பிறகு, சும்மா கேட்பது போல, எங்கே வாங்கியது என்று கேட்டேன்.

அவர் சொன்ன பதிலில்தான் தெரிந்தது, அவர் முதலாளியின் தங்கை. வேறு சாதியில் கட்டிக்கொண்டதால் பிறந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. பையன் படிப்புக்காக அண்ணன் யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து கொடுத்தாராம்.

"அண்ணிக்குத் தெரிஞ்சா வம்பாயிடும்னு, காணாமப் போச்சுன்னு சொல்லிட்டாங்களாம். கடைப் பையன் மேல சந்தேகப்பட்டு எல்லாரும் அதோட விட்டுட்டாங்களாம். அண்ணன் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தங்கைக்குச் செய்தது நல்ல காரியம்தான். அதற்கு என் பேர்தானா அவருக்குக் கிடைத்தது? ஒன்றும் அறியாத இந்த அம்மாளிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? படங்களை ஒன்று விடாமல் எடுத்துக் கொடுத்தேன். அதன்பிறகு, அந்தப் பையன் நான்தான் என்று சொல்லி, அவரிடம் அண்ணன் நம்பரைக் கேட்டேன். முகம் வெளிறிப்போய், மறுக்காமல் கொடுத்தார்.

முதலாளிக்கு என் குரல் அடையாளம் தெரிந்தது. எப்படிப்பா இருக்கே என்றார்.

"காணாமப் போன மெஷின் என் கடைக்கு வந்திருக்கு முதலாளி. உங்க தங்கச்சி பக்கத்துலதான் நிக்கிறாங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாங்க. கடையப் பூட்டிட்டு வீட்டுக்குப் போறேன். போனை எங்கம்மாகிட்ட குடுக்கிறேன். அவங்ககிட்ட சொல்லுங்க."