ஒரு மில்லி பிட்டும் மல்லிகை நுனியும்

கல்லூரி இறுதியாண்டில், எங்கள் குடியிருப்பின் சதுர்த்திக் கணபதிக்குப் பின்னால் விளக்கு வைத்து நிறுத்த, பூவேலை துளைத்து வெட்டிய ஒரு பிளைவுட் பலகை தேவைப்பட்டது. நானும் கீழ்வீட்டுக்காரியும் ஆளுக்கொன்று செய்ய வேண்டும், பிடித்ததை விழாக் கமிட்டி வைத்துக்கொள்ளும் என்று பேச்சு. அவளும் என் வகுப்புதான். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். கசார்வாடியில் ஒரு பட்டறைக்காரர் ஞாயிறுகளில் கணினியில் வரைந்த படத்தைப் பலகையில் வெட்டித் தரும் தன் சி.என்.சி. மெஷினை எங்களிடம் விட்டிருந்தார்.

அவள் முதலில் வெட்டிப் பார்த்த மாதிரித் துண்டைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. மல்லிகை இதழ்களின் நுனி அப்படியொரு கூர். என்னுடையதும் மல்லிகைதான், ஆனால் எல்லா நுனியும் மொழுக்கென்று இருந்தது. மெஷினில் சுழன்று வெட்டும் பிட் எவ்வளவு தடிமனோ, உள்மூலை அவ்வளவு உருண்டையாகத்தான் வரும். என்னிடம் இருந்தது மூன்று மில்லிமீட்டர் பிட். அவளிடம் ஒரு மில்லி, பென்சில் முனை மாதிரி. எனக்கு ஏன் அது முதலிலேயே தோன்றவில்லை?

அடுத்த ஞாயிறே நானும் ஒன்று வாங்கிப் பூட்டி ஓட்டினேன். 'டிக்'. அவ்வளவுதான். மூன்று மில்லிக்குப் போட்டிருந்த ஆழத்தை மாற்றாமலே விட்டிருந்தேன்.

"அரே, ஒரே மூச்சுல இறக்குனா உடையாம என்ன பண்ணும்? அரை அரை மில்லியா இறக்கணும்டா," என்றாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க கேட்ட? என் பிட்டையே முறைச்சுட்டு நின்ன."

தன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினாள். வாங்கவில்லை. அவள் பிட்டை வைத்து அவளையே ஜெயிப்பதா? பழைய மூன்று மில்லியையே பூட்டிக்கொண்டு படத்தை மாற்றினேன். மல்லிகை போயிற்று, மூலை உருண்டாலும் உறுத்தாத அகலமான தாமரை இலைகள் வந்தன.

கமிட்டிக்காரர்கள் இரண்டு பலகைக்கும் பின்னால் விளக்குப் போட்டார்கள். பத்தடி தள்ளி நின்றால் அவள் மல்லிகையெல்லாம் கலங்கி, வெறும் மங்கல் வெளிச்சம். என் இலைகள் வாசல் கேட் வரைக்கும் தெரிந்தன. "ஹேச் பாஹிஜே," இதுதான் வேண்டும் என்று ஒருவர் என் முதுகில் தட்டினார்.

எல்லோரும் என்னுடையதைச் சுற்றி நிற்க, ஓரமாகச் சாய்ந்து நின்ற அவள் பலகையிடம் நான் போய்க் குனிந்தேன். நுனி நுனியாகத் தடவினேன். ஒரு சிலும்புகூட இல்லை. எரிச்சலாக வந்தது.

"அதான் ஜெயிச்சுட்டேல்ல, இன்னும் என்னடா?"

"இத எனக்குக் குடேன்."

"ஆசையப் பாரு!" என்று பலகையை இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.