காதல் பாட்டில் ஒரு நோர்வேஜியச் சொல்

முதிய பாடகர் ஒருவர் பழைய அமெரிக்கக் காதல் பாட்டுகளைப் பாடிய இசைத்தட்டை என் கணவர் வாங்கிவந்தார். அன்றிலிருந்து நோர்வேயில், ரொம்மன் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் வேறு சத்தமே இல்லை. கேட்பதோடு விட்டாலும் பரவாயில்லை. உறையில் அச்சிட்ட வரிகளை வாசித்து விளக்கமும் சொல்வார். மனிதருக்கு நோர்வேஜிய மொழி தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலத்தையும் நோர்வேஜிய உச்சரிப்பிலேயே வாசிப்பார்.

நேற்று நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"இஞ்சை பாரும், 'யிஃப்ட்' எண்டு கிடக்கு. காதலிச்சவளையே கலியாணம் கட்டியிட்டாராம்."

"இஞ்சருங்கோ, அது இங்கிலிஷ். கிஃப்ட். பரிசு."

"நோர்வேஜியனிலை கலியாணம் கட்டினதெண்டுதானே கருத்து?"

"ஓம், நஞ்செண்டும் கருத்திருக்கு. ரெண்டுக்கும் ஒரே சொல்லை வைச்சவன்ரை வீட்டிலையும் இப்பிடி ஒரு இசைத்தட்டு ஓடியிருக்கும்."