காக்காய்க்கும் ஒரு டப்பா

அந்தப் பையை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது. பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் கல்யாணப் புடவை எடுப்பவர்களுக்குக் கொடுக்கும் கட்டைப்பை அது. நல்ல ரத்தச் சிவப்பு. இரண்டு பக்கமும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு கைகூப்பி நிற்கும் கல்யாணப் பெண். அதைத் தூக்கிக்கொண்டுதான் நாங்கள் தீம் பார்க்குக்குப் போனோம்.

நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் தங்கையைச் சென்னையில் கட்டிக் கொடுத்திருந்தது. அந்த அத்தையின் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, வேலை செய்யும் கம்பெனியில் குடும்பத்தோடு போய்வர பாஸ் கொடுத்திருந்தார்கள். "எந்த ஞாயித்துக்கிழமைன்னு நீங்களே சொல்லுங்க மச்சான்" என்று மாமா பெருந்தன்மையாகப் போனில் சொல்லிவிட்டார். அப்பா காலண்டரைப் பார்த்தார். அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருந்தது. எங்கள் தெருவில் அமாவாசையன்று எந்த வீட்டிலும் தறி ஓடாது. ஞாயிறும் லீவு, தறிக்கும் லீவு, சொல்லி வைத்தாற்போல் அமைந்துவிட்டதென்று அப்பா உடனே அந்த நாளையே சொல்லிவிட்டார்.

தறி எதற்காக அன்றைக்கு ஓய்கிறது என்பதை மட்டும் மறந்துவிட்டார். முதல்நாள் சாயங்காலம் அம்மாதான் கேட்டாள்.

"ஏங்க, நாளைக்கு அமாவாசையாச்சே. உங்கப்பாவுக்குப் படைக்க வேணாமா?"

அப்பா தறியில் பாவு நூலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "விடியறதுக்குள்ள படைச்சிட்டுக் கெளம்பிடலாம்."

"அஞ்சு மணி பஸ்ஸு. அந்நேரத்துக்கு எந்தக் காக்கா முழிச்சிக்கினு இருக்குது?"

அப்பா மறுபடியும் காலண்டரைப் போய்ப் பார்த்தார். செத்துப்போன தாத்தாவுக்கு அமாவாசைதோறும் எங்கள் வீட்டில் சமைத்துப் படைப்பார்கள். முதல் கவளம் மொட்டைமாடிக் காக்காய்க்கு. காக்காய்தான் தாத்தா. அது வந்து வாய் வைக்கிறவரை அப்பாவும் அம்மாவும் ஒரு பருக்கை சாப்பிட மாட்டார்கள். சின்னப் பிள்ளை என்று எனக்கு மட்டும் விலக்கு. சில மாதம் தாத்தா உடனே வந்துவிடுவார், சில மாதம் இரண்டு மணி வரைக்கும் பிகு செய்வார்.

எனக்கு அதெல்லாம் அன்றைக்கு ஒரு கவலையே இல்லை. என் கவலை அத்தை மகள். என் வயசுதான் அவளுக்கும், ஆனால் பேசுவது என் டீச்சர் மாதிரி. பாடமே எடுப்பதுபோல் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "காட்டன் போட்டா தண்ணில விடமாட்டாங்கடி, நைலான் மஸ்ட். டவல், சன்ஸ்கிரீன், ஒரு செட் டிரெஸ், அவ்ளோதான். சின்ன பேக் போதும்." சின்ன பேக் என்று அவள் சொன்ன இடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஊருக்கே பட்டு நெய்கிற தெருவில் நைலானுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் நைலான் என்றால் துணி காயப்போடும் கொடிக்கயிறு ஒன்றுதான். அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் அலைந்து எனக்கும் அவருக்கும் வழவழவென்று இரண்டு செட் வாங்கி வந்தார். அவருடைய டிரவுசரில் பச்சைப் பச்சையாகத் தென்னைமரம்.

ஸ்கூல் பேகிலிருந்து புத்தகங்களையெல்லாம் கொட்டிவிட்டு, துண்டு, நைலான், சீப்பு, திருவிழாவில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி என்று அழகாக அடுக்கினேன். ஜிப் இழுத்தேன். முதுகில் மாட்டிக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். அத்தை மகளுக்கு நான் ஒன்றும் குறைச்சல் இல்லை என்று பட்டது. நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் எழுந்தால் கூடத்தில் அந்தச் சிவப்புப் பை நிற்கிறது. அம்மா எப்போது எழுந்தாளோ தெரியாது, வீடெல்லாம் நல்லெண்ணெய் வாசம். தூக்குச்சட்டியில் புளியோதரை. ஒரு டப்பாவில் உளுந்து வடை. சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றில் பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்த சாதம், மேலே கறுப்பு எள், அதற்கென்று தனியாக ஒரு வடை. சுருட்டிய வாழையிலை. சூடம், தீப்பெட்டி. கடைசியாக ஒரு துண்டில் சுற்றி எதையோ செருகினாள்.

"இன்னாமா இது, காசிக்கா போறோம்?" என்று கத்தினேன்.

"அங்க எங்கனா ஒரு மரத்தடில வச்சு ரெண்டு நிமிஷத்துல படைச்சிடலாம். யாருக்கும் தெரியாது, நீ சும்மா இரு."

"அது பார்க்குமா! எல்லாரும் பாப்பாங்க!"

அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ரெண்டு பை எதுக்கு, தொலைஞ்சிடப் போவுது" என்று என் ஸ்கூல் பேகை அப்படியே தூக்கி அந்தச் சிவப்புப் பைக்குள் அமுக்கினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் அம்மாவை விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

பார்க் வாசலில் அத்தை குடும்பம் காத்திருந்தது. மாமாவோடு வேலை செய்கிறவர்கள் இன்னும் நாலைந்து குடும்பம். எல்லார் முதுகிலும் சின்னச் சின்னப் பைகள். அத்தை மகள் என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, அம்மா கையிலிருந்த கல்யாணப் பெண்ணைப் பார்த்தாள். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். செக்யூரிட்டிக்காரர் வயதான மனிதர், ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். தூக்குச்சட்டி. வடை. இலை. சின்ன டப்பா.

"சாப்பாடு உள்ள அலவுட் இல்லமா."

"சரிங்க, மத்ததெல்லாம் வேணாம். இந்த டப்பா ஒண்ணுதாங்க. இது எங்களுக்கில்ல, காக்காய்க்கு."

"எதுக்கு?"

"காக்காய்க்குங்க. இன்னிக்கு அமாவாசை."

பின்னால் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செக்யூரிட்டிக்காரர் தீப்பெட்டியை எடுத்துப் பார்த்துத் தலையில் கை வைத்தார். பிறகு துண்டைப் பிரித்தார். உள்ளே சுவரிலிருந்து கழற்றிய தாத்தாவின் படம். கண்ணாடிமேல் சந்தனப் பொட்டோடு முறைத்துக்கொண்டிருந்தார் தாத்தா.

"இவரு யாருமா?"

"எங்க மாமனாருங்க."

"பெரியவருக்கும் பாஸ் இருக்குதா?" என்றார் மாமாவின் கம்பெனிக்காரர் ஒருவர். வரிசையே சிரித்தது. மாமாவும் சிரித்தார். செக்யூரிட்டிக்காரர்கூடச் சிரித்துவிட்டார், பாவம். அப்பா தரையைப் பார்த்தார். அத்தை, அவளுக்கும் அவர்தானே அப்பா, போனில் என்னவோ தேடிக்கொண்டிருந்தாள். நான் மெல்ல நகர்ந்து அத்தை மகளுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். மானம் போனது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"நீங்க போங்க. பையோட நான் வெளிய இருக்கறேன். படைச்சிட்டு, காக்கா வந்து சாப்பிட்டதும் சொல்லி அனுப்பறேன்" என்று அம்மா என் ஸ்கூல் பேகை உருவிக் கொடுத்தாள். அதற்குள் அதில் வடை வாசம் ஏறியிருந்தது. அம்மா வரவில்லை என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

நிம்மதி ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. இப்போது அப்பா ஆரம்பித்தார். தென்னைமர டிரவுசரில் அவரைப் பார்ப்பதே கொடுமை. அந்தக் கோலத்தில் மாமா அவரை ஒவ்வொரு ராட்டினமாக இழுத்துக்கொண்டு போனார். அத்தை நீட்டிய பிஸ்கட்டை வேண்டாம் என்றார். மாமா வாங்கி வந்த ஜூஸை வேண்டாம் என்றார். "காலையில கொஞ்சம் அதிகமா சாப்பிட்டுட்டேன் மாப்ள" என்று கூசாமல் புளுகினார். காக்காய் வராமல் சாப்பிட மாட்டேன் என்று அந்தக் கூட்டத்தில் அவரால் சொல்ல முடியவில்லை.

தலைகீழாகத் திருப்பும் ஒன்றில் ஏறி இறங்கியதும், நாலு எட்டு நடந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து, உதடெல்லாம் காய்ந்து கிடந்தது.

"இன்னா மச்சான், சின்னப் பசங்களே பயப்படல!" என்று மாமா கைகொட்டிச் சிரித்தார்.

"எனக்கு உசரம்னாலே ஆவாது மாப்ள" என்றார் அப்பா, சிரிக்கப் பார்த்துக்கொண்டு.

"உங்கப்பாக்கு அவ்ளோ பயமாடி?" என்று அத்தை மகள் கேட்டாள். நான் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால் உள்ளே காக்காய்க்குப் பஞ்சமே இல்லை. சாப்பாட்டுக் கடைகளைச் சுற்றிக் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து, மேஜைகளில் மீந்த உருளைக்கிழங்கு வறுவலைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. ஊரிலிருக்கிற தாத்தாக்கள் எல்லாரும் பாஸ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள் போல. அப்பா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பா, வாசல்ல கையில முத்திரை குத்திக்கினு வெளிய போய்ப் பாரு, திரும்ப உள்ள விடுவாங்க. வந்துச்சான்னு அம்மாவ மட்டும் கேட்டுக்கினு வந்துடு" என்றார். அம்மாவிடம் போன் கிடையாது.

வண்டிகள் நிறுத்தும் இடத்தில், ஒல்லியாக ஒரு வேப்பங்கன்றுக்கடியில் இலையைப் போட்டு, தாத்தாவைச் சாய்த்து வைத்திருந்தாள் அம்மா. மதில்மேல் பருப்புச்சாதமும் வடையும். புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, வெயிலில் நின்று, "கா... கா... கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேன் டிரைவர்கள் இரண்டு பேர் வண்டிக்குள் இருந்து வேடிக்கை பார்த்தார்கள். அவள் குரல் கம்மிப் போயிருந்தது. ஒரு காக்காயைக் காணோம்.

"இன்னும் வரலமா. அப்பா இன்னா பண்றாரு?"

கொட்டித் தீர்த்துவிட்டேன். "இன்னா பண்றாரு? ராட்டினத்துல ஏறிட்டு மயக்கம் போட்டாப்ல கீழ உக்காந்துட்டாரு. பயந்தாங்கொள்ளின்னு எல்லாரும் சிரிக்கறாங்க. உங்களால எனக்கு மானமே போவுது!"

அம்மா என்னைப் பார்த்தாள். மதில்மேல் இருந்த சாதத்தைப் பார்த்தாள். தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காக்கா வந்து சாப்பிட்டுச்சுன்னு போய்ச் சொல்லு."

"எங்க சாப்பிட்டுச்சு? அப்படியே இருக்குதே!"

"சொல்லுன்னா சொல்லேன்மா. உடனே அவர சாப்பிடச் சொல்லு. ஓடு."

இவ்வளவு கூத்தும் அடித்துவிட்டுக் கடைசியில் பொய்யா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் போய்ச் சொன்னேன். அப்பாவின் கண் கலங்கிவிட்டது. அதோடு விட்டாரா? நேராகச் சாப்பாட்டு மேஜைக்குப் போய், மாமாவின் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போதே, "எங்கப்பா வந்துட்டாரு மாப்ள! இந்த அத்துவானத்துலயும் எடத்தக் கண்டுபுடிச்சு வந்துட்டாரு!" என்று சத்தமாகச் சொன்னார். சாம்பார் சாதம் இரண்டு தட்டு வாங்கி, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். எனக்கு மேஜைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அத்தை மட்டும் ஸ்பூனை வைத்துவிட்டு, "நெஜமாவா அண்ணா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவுக்கு வேறு பேச்சே இல்லை.

"எப்படி இருந்துச்சு காக்கா?"

"நல்லா மினுமினுன்னு இருந்துச்சுங்க. மொதல்ல வடையத்தான் தூக்கிச்சு."

"அவருக்கு வடைன்னா உசுராச்சே! நீ சாப்பிட்டியா?"

"அப்பவே ஆச்சு."

"நீயும் பாத்தியா பாப்பா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. "பாத்தேன்பா" என்றேன். அம்மாவின் கை வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. உதறிவிட்டேன்.

மறுநாள் காலை ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா புதுச் சோறு வடித்து, மொட்டைமாடிக்குப் போய் வைத்துவிட்டு வந்தாள். மேலே காக்காய்ச் சத்தம் கேட்டது. தண்ணீர் பாட்டில் எடுக்க நான் அடுப்படிக்குப் போனேன். அம்மா நின்றபடியே, முந்தின நாள் தூக்குச்சட்டிக்குள் கையை விட்டு, தட்டுகூட இல்லாமல் புளியோதரையை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். மெல்லக்கூட நேரம் இல்லாததுபோல் விழுங்கினாள். விக்கலெடுத்தது, தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் அள்ளினாள். அத்தை இப்படியா சாப்பிடுவாள் என்று எனக்கு அருவருப்பாக வந்தது.

"சோத்துக்கு அலைஞ்சவ மாதிரி இன்னாமா இது? ஒரு தட்டுல போட்டுத் தின்னா இன்னா?" என்றேன்.

அம்மா வாய் நிறையச் சோற்றோடு வெட்கப்பட்டுச் சிரித்து, நேரமாகிறது போ என்று இடது கையால் சைகை காட்டினாள். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்விட்டேன். அதற்கு முன்னால் அவள் கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.