ஒவ்வொரு பிரிவிலும் மூன்று பேர்

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷம் கழிந்திருந்த சமயம். நான் படித்த பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டதால், கிள்ளானில் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிளார்க் வேலை. அம்மா, அண்ணன், நான், மூவரும் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம்.

கொட்டகையை நடத்தியவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். தஞ்சாவூர்க் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்து துணிக்கடை வைத்திருந்தவர். கப்பல் நின்று துணி வராமல் போனதும் கடையை மூடிவிட்டு இந்தக் கொட்டகையை எடுத்தார். சினிமாவைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. புடவையைப் பற்றிப் பேசுவதுபோலவே படத்தைப் பற்றியும் பேசுவார். "இது நல்லா உழைக்கும்மா. ஓரம்தான் கொஞ்சம் பிஞ்சிருக்கு" என்பார்.

பிஞ்சுதான் இருந்தது. இந்தியாவிலிருந்து புதுப் படம் வர வழியில்லை. சண்டைக்கு முன்னால் வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்ப் படங்களையே மாற்றி மாற்றி ஓட்டினோம். ஒரு படத்தில் நடு ரீல் தொலைந்துபோயிருந்தது. கதாநாயகி குடத்தோடு கிணற்றடிக்குப் போவாள். அடுத்த காட்சியில் அரண்மனையில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள். இடையில் என்ன நடந்தது என்று வெளியே வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் எல்லாவற்றையும் நம்பினேன்.

ஒருநாள் பாய் கோலாலம்பூருக்குக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"பரிசு குடுக்கப் போறாங்களாம்மா. ஜப்பான் ராஜா பொறந்தநாளுக்கு. நல்ல படம், நல்ல நடிகர், நல்ல நடிகை."

"எந்தப் படத்துக்கு பாய்?"

"நம்மகிட்ட இருக்கிற படத்துக்குத்தான். முதல்ல ஒவ்வொண்ணுக்கும் மூணு பேரைச் சொல்வாங்களாம். அப்புறம் அந்த மூணுல ஒண்ணுக்குப் பரிசு."

"நடிகருங்க எல்லாம் மதராஸ்ல இல்ல இருக்காங்க? யார் வந்து வாங்குவாங்க?"

"அதைத்தான் நானும் கேட்டேன். உட்காருன்னுட்டாங்க."

தேர்ந்தெடுக்கப் போகிறவர் செய்தி இலாகாவின் ஜப்பானிய அதிகாரி ஒருவர். வயது நாற்பதுக்குள் இருக்கும். தமிழ் தெரியாது. கொஞ்சம் மலாய் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து வருவார். முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து பார்ப்பார்.

எந்த மூன்று பேரைச் சொல்வார்? எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளையெல்லாம் இதே பேச்சானது. மரவள்ளிக்கிழங்கை மென்றுகொண்டே அண்ணன் வாதாடுவான்.

"அந்த ஆளுக்கு வசனம் புரியாது. அதனால பாட்டு எதுல ஜாஸ்தியோ அதுதான் வரும் பாரு."

"பாட்டு வந்தா தூங்குறாரு அண்ணே. நான் பார்த்தேன்."

"கண்ணை மூடிக்கிட்டு ரசிப்பாரா இருக்கும்."

நானும் விடவில்லை. டிக்கெட் கொடுத்து முடித்ததும் பக்கக் கதவருகே நின்று, படத்தைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்ப்பேன். அம்மா செத்துப் போகிற காட்சியில் சிரித்தார். கோமாளி கீழே விழுந்தபோது கைக்குட்டையை எடுத்தார். ஒரு கிழவி அடுப்பு ஊதுகிற காட்சியில் மட்டும் முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தார். இதை வைத்து என்ன முடிவுக்கு வருவது? கடைசியில் ராஜா வேஷம் போட்ட பெரிய நடிகர் எப்படியும் வருவார் என்று மட்டும் நாங்கள் மூவரும் ஒத்துக்கொண்டோம். அவரை விட்டால் வேறு யார்? கொட்டகை வாசலில் ஆளுயரப் படமாக வாளோடு நின்றவர் அவர்தான். அவர் பெயர் அந்தக் காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயங்களிலெல்லாம் புழங்கிய பெயர். கூப்பிட்டால் பலபேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

பாய்க்கு ஒரு யோசனை தோன்றியது. வரப்போகிற மூன்று பேரைச் சரியாகச் சொல்கிறவர்களுக்கு ஒரு மாதம் இலவசமாகப் படம் காட்டலாம் என்றார். அவரே உட்கார்ந்து ஒரு விளம்பரம் எழுதினார். "ஒவ்வொரு பிரிவிலும் மூன்று பேர் தெரிந்தெடுக்கப்படுவார்கள். முடிவு ஜப்பானிய அதிகாரி கையில். யார் யார் என்று முன்கூட்டிச் சொல்ல விரும்புவோர் தங்கள் பெயரைக் கொட்டகையில் பதிந்துகொள்ளவும்." பாசாரிலும், தோட்டங்கள் நிறைந்த மேருப் பக்கம் போகிற சாலையிலும் ஒட்டச் சொன்னார். படித்துப் பார்த்த எனக்குத் தவறாக எதுவும் படவில்லை. அண்ணன்கூட, "எழுத்து நல்லா இருக்கு பாய்" என்றான்.

முதலில் சிலர் உற்சாகமாக வந்து சொன்னார்கள். அப்புறம் கூட்டம் குறைந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் ஒருவர்கூட வரவில்லை. பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. மழை காரணம் என்றார் பாய். மழை இல்லையே என்றேன். அவரும் வெளியே எட்டிப் பார்த்து, இல்லைதான் என்றார்.

அந்த வாரம்தான் ஒரு பெண் வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள். கணுக்காலெல்லாம் செம்மண். மேருவுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். டிக்கெட் ஜன்னலுக்குள் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"தங்கச்சி, மூணு பேரை எடுக்கிறாங்களாமே, அது நிசமா?"

"நிசம்தான்க்கா. அடுத்த வாரம் பேரைச் சொல்லிடுவாங்க."

"யாரு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா ஓரளவுக்கு சொல்லிடலாம்க்கா. அந்த ஆபீசர் முகத்தை நான்தானே வாராவாரம் பார்க்கிறேன்."

அவள் திரும்பி, வாசலில் வாளோடு நின்ற ராஜாவைக் கையால் காட்டினாள்.

"அவரு பேரு வருமா?"

எனக்குச் சந்தோஷமாகப் போயிற்று. இவளும் நம் கட்சி என்று நினைத்தேன்.

"கவலையே படாதீங்க. முதல் பேரே அவரோடதுதான். எழுதி வச்சுக்கோங்க."

அவள் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. வெயிலில் நடந்து வந்த களைப்பு என்று நினைத்து, "தண்ணி குடிக்கிறீங்களாக்கா?" என்று கேட்டேன். அவள் திரும்பி நடந்தாள். தெருமுனை வந்ததும் ஓட ஆரம்பித்தாள்.

சாயங்காலம் அண்ணனிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தான்.

"தோட்டத்துக்காரி படத்தைக் காட்டி ஏன் கேட்டா?"

"அந்த நடிகரைப் பிடிக்கும் போல."

"புருஷன் பேரை வாயால சொல்லுவாளா அவ? அவ புருஷனுக்கும் அதே பேரா இருக்கும். அதான் படத்தைக் காட்டியிருக்கா."

எனக்கு உடனே விளங்கவில்லை. பாயின் விளம்பரத்தை அண்ணன் மனப்பாடமாகச் சொன்னான். தோட்டத்தில் பிரிவு என்றால் என்ன? ஒரு தோட்டத்தையே முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்றுதான் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு பிரிவிலும் மூன்று பேர். ஜப்பானிய அதிகாரி கையில் முடிவு. அந்த நாட்களில் தோட்டத்தில் பெயர் எடுக்கிறார்கள் என்றால் ஒரே அர்த்தம்தான்: சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள். போனவர்கள் யாரும் அதுவரை திரும்பி வந்திருக்கவில்லை.

பாயிடம் ஓடினோம். அவர் அப்போதே பாசாருக்குப் போய்த் தன் கையாலேயே விளம்பரங்களைக் கிழித்தார். "நான் சினிமாவைத்தான்மா எழுதினேன், சினிமாவைத்தானே எழுதினேன்?" என்று என்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். எந்தத் தோட்டம் என்று தெரியாது. அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேருப் பக்கம் போனான். தோட்டம் தோட்டமாக நுழைந்து அந்த நடிகரின் பெயரைச் சொல்லி, அந்தப் பெயரில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தான். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் சைக்கிளில் வந்து பெயரைச் சொல்லித் தேடினால் யார் வாய் திறப்பார்கள்? அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை என்றார்கள். ஒரு லயத்தில் பின்பக்கக் கதவு வழியாக ஒரு ஆள் ரப்பர் மரங்களுக்குள் ஓடுவதை அவனே கண்ணால் பார்த்தான். "நான் போனதால இன்னும் ரெண்டு பேரு ஓடியிருப்பாங்க" என்று வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

சொன்ன நாளில் கோலாலம்பூரில் பெயர்களைச் சொன்னார்கள். பாய் பிரிக்பீல்ட்ஸிலிருந்த தன் மச்சானையும் அழைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். நல்ல நடிகர் வரிசையில் ராஜா இல்லை. கோமாளி இருந்தார். குழந்தையாக நடித்த ஒரு சிறுமி இருந்தாள். மூன்றாவதாக, அரண்மனை வாசலில் ஈட்டியோடு சும்மா நிற்கிற காவல்காரன். அவனுக்கு வசனமே கிடையாது. பெயர் போடுகிற ரீலும் தேய்ந்துபோனதால் அந்த நடிகர் யார் என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

"அவன் அசையாம நிக்கிறானாம். அதுதான் நல்ல நடிப்பாம்" என்றார் பாய். அது உண்மையில் அதிகாரி சொன்னதா, பாய் புரிந்துகொண்டதா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். பரிசு கொடுக்கும் நாளுக்கு முன்பே அந்த அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பரிசைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

அந்த மாதக் கடைசியில் மேருப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நிஜமாகவே லோரிகள் வந்தன. இலவசப் படம் காட்டுவதாகச் சொல்லிக் கூப்பிட்டுப் பிடித்ததாகச் சிலர் சொன்னார்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணியின் பட்டியலை வைத்து வீடு வீடாக இழுத்துப்போனதாகச் சிலர் சொன்னார்கள். பாயும் அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். நாங்கள் எதைக் கணித்தோம், அது எப்படி இதுவாக ஆனது என்று என்னால் கோர்த்துப் பார்க்க முடியவில்லை.

ஜப்பான்காரன் போன பிறகும் நான் அதே ஜன்னலில்தான் இருந்தேன். ஒரு பகல் ஆட்டத்துக்கு அவள் வந்தாள். கூடவே ஒல்லியாக ஒரு ஆள். சற்றுத் தள்ளி இன்னொரு பெண், இடுப்பில் குழந்தையோடு. எனக்கு அடையாளம் தெரிவதற்குள் அவளே ஜன்னலுக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவருதான் தங்கச்சி. நீங்க சொன்ன அன்னிக்கே கிளம்பச் சொல்லிட்டேன். சுங்கை பூலோவுல தொழுநோய்க்காரங்க இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல குடிசை போட்டுக்கிட்டு இருந்தாரு. ஜப்பான்காரன் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டான். நீங்க மட்டும் சொல்லலன்னா..."

"அக்கா, நான் சொன்னது சினிமாவைப் பத்தி. அந்த நடிகர் பேருதான்."

அவள் சிரித்துவிட்டாள். "இன்னும் என்ன பயம் லா? அதான் அவனுங்க போயிட்டாங்களே. இனிமே நல்லாவே சொல்லலாம்."

எப்படிச் சொல்லியும் அவள் நம்பவில்லை. அந்த ஆள் கைகூப்பினார். நானும் பதிலுக்குக் கைகூப்பினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இவரு இல்லன்னதும், கணக்குக்கு ஆள் வேணும்னு பக்கத்து வீட்டுக்காரரை லோரியில ஏத்திட்டாங்க. அவரு திரும்பி வரல. இவங்கதான் அவரு சம்சாரம். இப்ப எங்ககூடத்தான் இருக்காங்க."

குழந்தை வைத்திருந்த பெண் அப்போதுதான் ஜன்னலருகே வந்தாள். அவள் அழவில்லை. சண்டைக்கு வந்தவள் போலவும் இல்லை.

"தங்கச்சி, எங்க வீட்டுக்காரரு பேரும் அப்பவே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"எனக்கு எதுவுமே தெரியாதுக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. உள்ளே படம் தொடங்குகிற மணி அடித்தது. மூவரும் குழந்தையோடு உள்ளே போனார்கள்.