குகையில் வெட்டிய பேர்

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு சுண்ணாம்புக்கல் குகை பார்க்கப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. உடனே என் இடது கன்னம் எரிந்தது.

சேரன்மகாதேவியில் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது வாத்தியார் எங்களை இப்படியொரு குகைக்கு பஸ்ஸில் கூட்டிப் போனார். கூரையிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, வெள்ளைவெளேரென்று கல்தூண்கள் வளர்ந்திருந்தன. நான் காம்பஸ் முனையால் ஒரு தூணில் ‘முருகன்’ என்று வெட்டினேன். விட்டார் ஓர் அறை!

என்ன அநியாயம்! எங்கள் வீட்டில் அண்டா முதல் கரண்டி வரை பேர் வெட்டாத பாத்திரமே கிடையாது. கல்யாண வீட்டுக்கு இரவல் போனாலும் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும். நல்ல பொருளைக் கண்டால் பேர் வெட்டு என்று வளர்த்துவிட்டு, வெட்டினால் அடிப்பதா?

மறுநாள் நியாயம் கேட்க அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன்.

“பிள்ளைய எதுக்கு சார் அடிச்சீய? பேருதான வெட்டுனான்?”

“குகை என்ன உங்க வீட்டு அண்டாவாம்மா? இத்தாம் பெருசா முருகன்னு வெட்டி வச்சிருக்கான்.”

அம்மா பைய என் பக்கம் திரும்பினாள்.

“வெறும் முருகன்னா? அப்பா இனிஷியல் எங்கலே? நம்ம தெருவுலயே நாலு முருகன் இருக்கான். இது எந்த முருகன்னு எவனுக்குத் தெரியும்?”

வலது கன்னத்திலும் விழுந்தது.

ஐம்பது வயதாகியும் அந்த இரண்டு அறைகளையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. குகைக்குள் நின்றபடி மனைவியிடம் அதைப் பொரிந்து தள்ளினேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் சட்டைப்பையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.