தீவாருக்குத் தீவு பார்க்க ஆசை

என் மச்சாளுக்கு என்னை அறிமுகப்படுத்த ஒரே ஒரு வசனம்தான் தெரியும். "இவ தீவார். ஆனா பாத்தால் தெரியாது."

எண்பதுகளின் நடுவில் நான் கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்து இறங்கிய கிழமையே வெம்பிளியில் அவவின் வீட்டில் விருந்து. மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த சகோதரி. யாழ்ப்பாணப் பட்டினத்துப் பக்கம் பிறந்தவ. நான் பிறந்தது பட்டினத்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் தீவுகளில் ஒன்றில். எங்கள் பக்கத்து ஆட்களைத் தீவார் என்பார்கள். கேட்க வெறும் ஊர்ப்பெயர் மாதிரித்தான் இருக்கும். சொல்பவரின் மூக்கைப் பார்த்தால்தான் அது என்ன சொல் என்று விளங்கும். புதுச் சேலையோடு நான் சோபாவில் இருக்க, மச்சாள் என் தோளில் கையை வைத்து அந்த வசனத்தைச் சொன்னா. வீடே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், அவர்கள் எனக்கு ஆர்? ஆனால் என் கணவரும் சிரித்தார். பல் தெரிய, மனமாரச் சிரித்தார்.

அன்றைக்கு மனதில் வைத்த கறுவம் அது.

அதற்குப் பிறகு எத்தனை பிறந்தநாள், எத்தனை சாமத்தியவீடு, எத்தனை கலியாணம்! போகிற இடமெல்லாம் அந்த வசனம் எனக்கு முன்னால் போய்க் கதிரை போட்டு இருக்கும். மச்சாள் சொல்லுவா, இவர் சிரிப்பார். எங்களுக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. அதற்கும் அவவிடம் ஒரு காரணம் இருந்தது. "உப்புத் தண்ணி குடிச்சு வளந்த உடம்பெல்லோ" என்று ஒருநாள் குசினிக்குள் நின்று ஆருக்கோ சொன்னா. கதவு திறந்துதான் கிடந்தது. நானும் இவரும் முன்னறையில் இருந்தோம். இவர் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

எனக்கு வாய் இல்லாமல் இல்லை. நோர்பரியில் எங்கள் பேப்பர் கடையில் சிகரெட்டைச் சட்டைக்குள் ஒளிக்கிற தடியன்களை வாயால்தான் துரத்துவேன். மச்சாளுக்கும் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்க எனக்கு எவ்வளவு நேரம் செல்லும்? ஆனால் நான் கேட்டால் அது தீவாரின் வாய்க்காரத்தனமாகிவிடும். கேட்க வேண்டியவர் இவர். ஆர்ச்வேயில் முருகன் கோயிலுக்குப் போனால் மற்றப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு வீடு கேட்டார்கள், விசா கேட்டார்கள். நான் கேட்டது ஒன்றுதான். முருகா, என்ர மனுசன் ஒருக்கா, ஒரே ஒருக்கா, எல்லாருக்கும் முன்னால் தன் அக்காவின் வாயை அடைக்க வேணும். முருகன் வருடக்கணக்காகப் பேசாமல் நின்றார். இவரைப் போலத்தான் அவரும் என்று கோபித்துக்கொண்டு இரண்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமலும் விட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் இவருக்கு ஒரு ஆசை முற்றியது. கார் ஓட்டுவதென்றால் இவருக்கு உயிர். அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், கடலோரமாக, பிரிஸ்பேனில் இருந்து கெயின்ஸ் வரைக்கும் ஓட்ட வேண்டும். எங்கள் கடைக்கு வந்த ஏதோ ஒரு மகசீனில் அந்த றோட்டின் படத்தைப் பார்த்த நாள் முதல் வாயைத் திறந்தால் அதே கதைதான். சரி, பத்து வருடம் லீவு எடுக்காமல் உழைத்த மனுசன், போவோம் என்றேன். வெம்பிளியில் போய் விசயத்தைச் சொன்னோம். அந்தக் கரையில் நிறையத் தீவுகளும் இருக்காம் என்று இவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"அட, தீவாருக்குத் தீவு பாக்க ஆசை வந்திட்டுதோ?" என்றா மச்சாள்.

இவர் சிரித்தார்.

அடுத்தநாள் கடையில் ஆள் இல்லாத நேரம் பயண ஏஜென்ட் தந்த புத்தகத்தை விரித்தேன். இவர் அதில் றோட்டுகளுக்குக் கோடு போட்டு வைத்திருந்தார். நான் பேனையை எடுத்துத் தீவுகளைச் சுற்றி வட்டம் போட்டேன். படகில் போகக்கூடிய ஒரு தீவையும் விடவில்லை. இவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. அது எனக்கு நல்லாகவே தெரியும். ஒருமுறை டோவரில் இருந்து கலேக்குக் கப்பலில் போனபோது, கப்பல் துறைமுகத்தை விட்டு வெளிக்கிடமுதலே வாந்தி எடுத்தவர் இவர். தெரிந்துதான் செய்தேன். நல்லாய்த் தெரிந்துதான்.

"என்னப்பா, இவ்வளவு தீவோ?" என்றார் வட்டங்களைப் பார்த்துவிட்டு.

"உங்கட அக்கா சொன்ன மாதிரி, தீவாருக்கு ஆசை வந்திட்டுது" என்றேன். அதற்கும் சிரித்தார் பாருங்கோ! சிரியுங்கோ, சிரியுங்கோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

றோட்டுப் பயணம் சொர்க்கம். அதை மறைக்க மாட்டேன். நோர்பரியில் இருந்து கொண்டுபோன ரைஸ் குக்கர் பின் டிக்கியில் கிடந்தது. மோட்டலில் சோறு போட்டு, டின் மீனில் ஒரு குழம்பு வைத்து, பூங்காவின் மர வாங்கில் இருந்து சாப்பிடுவோம். இரண்டு பக்கமும் கரும்புத் தோட்டம், தோட்டத்துக்கு அப்பால் நீலமலை, எதிரே ஒரு வாகனமும் இல்லை. கரும்பு ஏற்றும் குட்டி ரயில் றோட்டைக் குறுக்கே கடக்கும்போது இவர் காரை நிறுத்தி, இறங்கி, டிரைவருக்குக் கை காட்டுவார். ஐம்பதை எட்டப்போகிற மனுசன்! அந்த நேரங்களில் எனக்கு இவர் மேல் அன்பு பொங்கும். பொங்கினதை அப்படியே மூடி போட்டு அமத்திவிடுவேன். அடுத்த துறைமுகம் எத்தனை மைல் என்று வரைபடத்தைப் பார்ப்பேன்.

முதல் தீவுக்குப் போன அன்று நல்ல காற்று. படகு கரையை விட்டதும் தூக்கித் தூக்கிப் போட்டது. நான் முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போக, கோயிலுக்குப் போக, ஒரு முழச் சீத்தைத் துணி வாங்கப் போகக்கூட வள்ளம் ஏறினவள் நான். எனக்கு அது தாலாட்டு. இவர் உள்ளே ஒரு மூலையில் கடதாசிப் பையை முகத்தில் பிடித்தபடி இருந்தார். தீவில் இறங்கியதும் சவுக்கு மரத்துக்குக் கீழே நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துவிட்டார். நான் கால் நனைத்தேன், சோகி, சிப்பி பொறுக்கினேன். பிறகு ஒரு தட்டு இறால் வாங்கிவந்து, இவருக்கு முன்னாலேயே இருந்து ஒவ்வொன்றாக உரித்துச் சாப்பிட்டேன்.

"கொஞ்சம் அங்காலை போய் இருந்து சாப்பிடுமன்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"ஏன், மணம் பிடிக்கேல்லையோ? நல்ல இறால்" என்றேன்.

இரண்டாவது தீவு, மூன்றாவது தீவு. ஒவ்வொரு முறையும் படகில் ஏற முதல் மாத்திரை போடுவார், இஞ்சி மெல்லுவார், வாசலுக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பார். ஒன்றும் உதவவில்லை. வரமாட்டேன் என்று சொல்லவும் மானம் விடவில்லை. பாவமாய் இருக்கவில்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பாவப்பட்டுவிட்டு, போய் அடுத்த டிக்கெட்டை எடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு பெரிய படகு. தூரத்தில் இருந்த ஒரு தீவுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் கடல் குழம்பிவிட்டது. இவர் மட்டுமில்லை, படகில் பாதிப்பேர் சுருண்டு விழுந்தார்கள். பைகளைக் கொடுக்கப் பணியாட்கள் போதவில்லை. நான் எழும்பி ஒரு கட்டுப் பையை வாங்கி வரிசை வரிசையாகக் கொடுத்தேன். ஒரு கிழவியின் தலையைப் பிடித்து விட்டேன். தளம் எந்தப் பக்கம் சரியப்போகிறது என்று என் கால்களுக்கு முதலே தெரிந்தது. நீ படகில் வேலை செய்தவளா என்று பணியாளர்களில் ஒருத்தி கேட்டாள். இல்லை, நான் ஒரு தீவில் பிறந்தவள் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அந்தச் சொல்லை வெட்கப்படாமல் வெளியே விட்டு எத்தனை காலம்!

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சாம்பல் நிறம். பக்கத்தில் போய் இருந்தேன்.

"இஞ்சரும், உண்மையைச் சொல்லும். எனக்கு ஏலாது எண்டு தெரிஞ்சுதானே இதெல்லாம் செய்யிறீர்? நான் உமக்கு என்ன செய்தனான்?"

"நீங்கள் சிரிச்சனீங்கள்."

"எப்ப?"

எப்பவாம்! பத்து வருடமாக என் நெஞ்சுக்குள் கிடந்து கொதிக்கிற விசயம், அந்த மனுசனுக்கு நினைவிலேயே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடல் ஒரு தூசு. சொன்னேன். சோபாவில் இருந்து தொடங்கி ஒன்றும் விடாமல் சொன்னேன். அக்கம்பக்கம் வெள்ளைக்காரர்தான், ஆருக்கு விளங்கப்போகிறது? பார்த்தால் தெரியாதாம்! நான் என்ன திருட்டுச் சாமானோ, ஒளிச்சு வைக்க? "எல்லாருக்கும் முன்னாலை உங்கட அக்காவுக்கு நீங்கள் சொல்ல வேணும். நான் கேக்கிறது அவ்வளவுதான்" என்றேன். கடைசியாக டிவியின் சத்தத்தைக் கூட்டினதைச் சொன்னேன்.

அது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். கரை வரும்வரை திறக்கவில்லை.

அடுத்தநாள் மத்தியானம் ஒரு பெற்றோல் ஸ்டேசனில் நிறுத்தித் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கும்போது தானாகத் தொடங்கினார். "அக்காதான் என்னை லண்டனுக்குக் கூப்பிட்டு எடுத்தவ. அவ சிரிக்கேக்கை நான் சிரிக்காட்டில் கோவிப்பா எண்டு ஒரு பயம். பழகிப் போச்சு."

"அக்கா கோவிப்பா எண்டு பயம். நான் கோவிப்பன் எண்டு பயமில்லை."

"இப்ப இருக்கு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சொல்லுறன் என்றோ ஏலாது என்றோ அவர் சொல்லவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை. கெயின்ஸ் வரைக்கும் இன்னும் இரண்டு தீவு மிச்சம் இருந்தது. இரண்டுக்கும் போனோம்.

லண்டனுக்குத் திரும்பி வந்த அடுத்த ஞாயிறு மச்சாள் வீட்டில் சாப்பாடு. போகும் வழியெல்லாம் இவர் ரேடியோ கூடப் போடவில்லை. இன்றைக்கும் இவர் சிரித்தால் என்ன செய்வேன்? திரும்ப வந்து அதே கடையில், அதே கல்லாவுக்குப் பின்னால், இவருக்குப் பக்கத்தில் நிற்கத்தானே வேண்டும்? அதை நினைக்க எனக்கு ஏலவில்லை.

வீடு நிறைய ஆட்கள். ஹரோவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பமும் வந்திருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, "அக்கா எந்த ஊர்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்க முதல் மச்சாளின் கை என் தோளில் விழுந்தது.

"இவ தீவார். ஆனா பாத்தால் தெரியாது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் அவர்களைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தேன்.

"தெரியும் அக்கா" என்றார் இவர். "நல்லாத் தெரியும். நான் பாத்தனான். அந்தக் கடலிலை நான் சத்தி எடுத்துக்கொண்டு கிடக்க, இவதான் எல்லாருக்கும் தலையைப் பிடிச்சவ. இனி உந்தக் கதை வேண்டாம்."

"என்னடா, நான் பகிடிக்கல்லோ சொன்னனான்? நீயும் சிரிக்கிறனிதானே?"

"ஓம். சிரிச்சனான். அதுவும் பிழை. உப்புத் தண்ணிக் கதையும் எனக்குக் கேட்டது. இன்னொருக்கா இப்பிடிக் கதைச்சால் நாங்கள் இந்த வீட்டுக்கு வரமாட்டம்."

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மச்சாளின் முகம் கோணியது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. விம்முகிற சத்தம் வெளியே கேட்டது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்த வீட்டு முறைப்படி நான்தான் எழும்பிப் போய், "அழாதேங்கோ மச்சாள், அவர் ஏதோ தெரியாமல் சொல்லிப்போட்டார்" என்று கண்ணைத் துடைத்துவிட வேண்டும். நான் தட்டில் இருந்த கட்லட்டைப் பிட்டு வாயில் வைத்தேன். எழும்பவில்லை.

விம்மல் கூடியது. இவரால் தாங்க முடியவில்லை. கதிரையில் இருந்து பாதி எழும்பினார். குசினிப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

பிறகு திரும்பவும் கதிரையில் இருந்தார்.