பெண்கள் முதலில்

குவோப்பியோ நகரத்தில் பேருந்து ஓட்டிய ரெய்யோ, ஏரிக்கரைக் குடிலுக்குப் போகும் கோடைப் பயணத்துக்குப் பனி உருகும் முன்பே திட்டம் போட்டுவிடுவான். யார் விறகு பிளப்பது, யார் மீன் சுடுவது, எல்லாம் முடிவாகிவிடும். நீராவிக் குளியலில் பெண்கள் முதலில், ஆண்கள் பிறகு.

"இது ஏரிக்கரையா, பஸ் டிப்போவா?" என்று அவன் மனைவி ஹெல்வி கேலி செய்வாள்.

போன குளிர்காலத்தில் அவள் செத்துப்போனாள். இந்த வருடமும் திட்டம் போட்டான். விறகு, மீன் எல்லாமே அவன் பொறுப்பு.

பக்கத்துக் குடில்காரனான நான் எட்டிப் பார்த்தேன். குளியலறைக் கூரையில் புகை. அவனோ துண்டும் கையுமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"டேய், சூடு ஆறிடப் போவுது. உள்ள போயேன்."

"இருடா. பொம்பளைங்க முறை இன்னும் முடியல."